அளபுரு ஏற்கும் அலகுச் சோதனை

அளபுரு ஏற்கும் அலகுச் சோதனை என்பது ஒரே சோதனைச் செயற்கூறைப் பல தரவுகளுடன் திரும்பத் திரும்ப இயக்கி, ஒவ்வொரு தரவையும் தனிச் சோதனையாக எண்ணி அறிக்கை தரும் மென்பொருள் சோதனை முறை ஆகும். உள்ளீடும் அதற்கு வரவேண்டிய விடையும் ஓர் அட்டவணையில் இருக்கும். சோதிக்கும் நிரல்வரிகள் ஒருமுறை மட்டுமே எழுதப்படும். ஜேயூனிட், என்யூனிட், பைத்தானின் யூனிட்டெஸ்ட் போன்ற வகுப்பு அடிப்படையிலான சோதனைச் சட்டகங்கள் அனைத்திலும் இதற்கு ஏதோ ஒரு வழி உண்டு.

ஒரு விதி பல வரம்புகளைக் கொண்டிருக்கும்போது இம்முறை மிகவும் பயன்படுகிறது. வரி விகிதம், மின்கட்டண அடுக்கு, தேர்வுத் தரநிலை, பொருள்களின் தர அளவுகள் ஆகியன அத்தகையவை. இக்கட்டுரை கட்டடக் கம்பியின் எடை விதியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

## அலகுச் சோதனையும் வகுப்புகளும்

நிரலின் மிகச் சிறிய பகுதி ஒன்றை, பெரும்பாலும் ஒரு செயற்கூறை, மற்றவற்றிலிருந்து பிரித்துச் சோதிப்பது அலகுச் சோதனை எனப்படும். கென்ட் பெக் சுமால்டாக் மொழிக்காக உருவாக்கிய எஸ்யூனிட், வகுப்பு அடிப்படையிலான சட்டகங்களுக்கு முன்னோடி ஆகும். அதன் வழியில் 1997இல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் ஜாவா மொழிக்கான ஜேயூனிட்டை எழுதினர். பைத்தான் மொழியில் இதே அமைப்பு 2001இல் வெளிவந்த 2.1 பதிப்பில் யூனிட்டெஸ்ட் என்ற பெயரில் சேர்க்கப்பட்டது.

இச்சட்டகங்களில் சோதனைகள் ஒரு வகுப்புக்குள் எழுதப்படுகின்றன. அவ்வகுப்பில் பொதுவாக மூன்று வகைச் செயற்கூறுகள் இருக்கும்.

* தயாரிப்பு: ஒவ்வொரு சோதனைக்கும் முன் இயங்கித் தேவையான பொருள்களை உருவாக்குவது.
* சோதனை: ஒரு செயலைச் செய்து, கிடைத்த விடையை எதிர்பார்த்த விடையுடன் ஒப்பிடுவது.
* துப்புரவு: சோதனை முடிந்தபின் திறந்த கோப்பு, இணைப்பு போன்றவற்றை மூடுவது.

ஒவ்வொரு சோதனைக்கும் தயாரிப்பு புதிதாக இயங்குவதால், ஒரு சோதனையில் ஏற்பட்ட மாற்றம் அடுத்ததைப் பாதிக்காது. இந்தத் தனிமையே வகுப்பு அமைப்பின் முதன்மையான பயன் ஆகும்.

## எடுத்துக்காட்டு: கம்பியின் எடை விதி

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உருக்காலைகளும் டி.எம்.டி. கம்பி உருட்டும் ஆலைகளும் உள்ளன. கட்டடங்களின் தூண், விட்டம், தளம் ஆகியவற்றில் கான்கிரீட்டுக்குள் வைக்கப்படும் இக்கம்பிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1786 என்ற தரநிலை பொருந்தும். அதன் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு ஒவ்வொரு விட்டத்துக்கும் ஒரு மீட்டருக்கான பெயரளவு எடையையும், அதிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதையும் வரையறுக்கிறது.

பெயரளவு எடை 8 மி.மீ. கம்பிக்கு 0.395 கிலோகிராம், 10 மி.மீ.க்கு 0.617, 12 மி.மீ.க்கு 0.888, 16 மி.மீ.க்கு 1.58, 20 மி.மீ.க்கு 2.47, 25 மி.மீ.க்கு 3.85, 32 மி.மீ.க்கு 6.31 ஆகும். ஒரு தொகுதிக்கு அனுமதிக்கப்படும் விலகல் மூன்று நிலைகளில் அமைந்துள்ளது.

| விட்டம் | தொகுதிக்கு அனுமதிக்கப்படும் விலகல் |
|---|---|
| 10 மி.மீ. வரை, 10 உட்பட | கூடவோ குறையவோ 7% |
| 10 மி.மீ.க்கு மேல் 16 வரை, 16 உட்பட | கூடவோ குறையவோ 5% |
| 16 மி.மீ.க்கு மேல் | கூடவோ குறையவோ 3% |

தனி மாதிரிக் கம்பிக்கு வேறு விலகல்கள் உள்ளன. இங்குத் தொகுதி விதி மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

ஓர் ஆலையின் தர ஆய்வகத்தில் விட்டத்தையும் அளந்த எடையையும் பதிந்தால் "ஏற்பு" அல்லது "மறுப்பு" என்று சொல்லும் சிறு நிரல் இருப்பதாகக் கொள்வோம். இதில் பிழை நேர்ந்தால் இரண்டு வகையில் இழப்பு உண்டு. 12 மி.மீ. கம்பியைத் தவறுதலாக 7% நிலையில் சேர்த்துவிட்டால், மீட்டருக்கு 0.830 கிலோகிராம் உள்ள தொகுதி ஏற்கப்படும். அது பெயரளவைவிட ஏறத்தாழ 6.5% குறைவு. எடை குறைந்தால் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பும் அதே அளவு குறைந்திருக்கும். அக்கம்பி கான்கிரீட்டுக்குள் போனபின் வெளியே தெரியாது. மாறாக, 10 மி.மீ. கம்பியை 5% நிலையில் சேர்த்தால், மீட்டருக்கு 0.580 கிலோகிராம் உள்ள சரியான தொகுதி மறுக்கப்பட்டு மீண்டும் உலைக்குப் போகும்.

## ஒவ்வொன்றுக்கும் ஒரு செயற்கூறு எழுதுதல்

அளபுரு இல்லாமல் எழுதினால் சோதனை வகுப்பு கீழ்க்காணுமாறு அமையும். இவை எந்த ஒரு நிரல்மொழியின் உண்மையான வரிகளும் அல்ல. அமைப்பைக் காட்டும் தமிழ் வரைவு மட்டுமே. எடை மீட்டருக்கு இத்தனை கிராம் என்று தரப்பட்டுள்ளது.

    வகுப்பு எடைச்சோதனை : சோதனைவகுப்பு
        தயாரிப்பு():
            ஆய்வி = எடைஆய்வி()
        சோதனை_10மிமீ_கீழ்எல்லை():
            சமமா(ஆய்வி.தொகுதி(10, "573.81"), "ஏற்பு")
        சோதனை_10மிமீ_எல்லைக்குக்கீழே():
            சமமா(ஆய்வி.தொகுதி(10, "573.80"), "மறுப்பு")

இரண்டு செயற்கூறுகளும் எண்ணிலும் விடையிலும் மட்டுமே வேறுபடுகின்றன. பதினொரு நிலைமைகளைச் சோதிக்கப் பதினொரு செயற்கூறுகள் தேவைப்படும். படிப்பவர் எந்த எல்லை சோதிக்கப்பட்டது, எது விடுபட்டது என்பதை அந்த நீண்ட நிரலுக்குள் தேட வேண்டியிருக்கும். படியெடுத்து ஒட்டும்போது பெயரை மாற்றிவிட்டு எண்ணை மாற்ற மறப்பதும் உண்டு. அப்போது ஒரே நிலைமை இருமுறை சோதிக்கப்பட்டு, மற்றொன்று சோதிக்கப்படாமலேயே போகும்.

## மடக்கினால் வரும் சிக்கல்

மேற்கண்ட நீளத்தைத் தவிர்க்கப் பலர் முதலில் செய்வது, ஒரே சோதனைச் செயற்கூறுக்குள் ஒரு மடக்கு எழுதி, தரவுகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுவது. இது சுருக்கமாக இருந்தாலும் ஒரு குறை உண்டு. முதல் ஒப்பீடு தோற்றவுடன் அச்செயற்கூறு நின்றுவிடும். மீதமுள்ள தரவுகள் சோதிக்கப்படுவதே இல்லை. அறிக்கையில் "ஒரு சோதனை தோல்வி" என்று மட்டுமே வரும். அந்த ஒன்றைத் திருத்திய பிறகுதான் அடுத்த பிழை வெளியே வரும்.

## அட்டவணையாக எழுதுதல்

அளபுரு முறையில் தரவுகள் தனி அட்டவணையாகின்றன.

| எண் | வரியின் பெயர் | விட்டம் | அளந்த எடை (கிராம்) | எதிர்பார்ப்பு |
|---|---|---|---|---|
| 1 | 8 மி.மீ. பெயரளவு | 8 | 395.00 | ஏற்பு |
| 2 | 10 மி.மீ. கீழ் எல்லை | 10 | 573.81 | ஏற்பு |
| 3 | 10 மி.மீ. கீழ் எல்லைக்குக் கீழே | 10 | 573.80 | மறுப்பு |
| 4 | 10 மி.மீ. மேல் எல்லை | 10 | 660.19 | ஏற்பு |
| 5 | 10 மி.மீ. மேல் எல்லைக்கு மேலே | 10 | 660.20 | மறுப்பு |
| 6 | 12 மி.மீ. கீழ் எல்லை | 12 | 843.60 | ஏற்பு |
| 7 | 12 மி.மீ. கீழ் எல்லைக்குக் கீழே | 12 | 843.59 | மறுப்பு |
| 8 | 16 மி.மீ. கீழ் எல்லை | 16 | 1501.00 | ஏற்பு |
| 9 | 16 மி.மீ. கீழ் எல்லைக்குக் கீழே | 16 | 1500.99 | மறுப்பு |
| 10 | 20 மி.மீ. கீழ் எல்லை | 20 | 2395.90 | ஏற்பு |
| 11 | 20 மி.மீ. கீழ் எல்லைக்குக் கீழே | 20 | 2395.89 | மறுப்பு |

சோதனைச் செயற்கூறு ஒன்றே ஒன்று:

    வகுப்பு எடைச்சோதனை : சோதனைவகுப்பு
        தயாரிப்பு():
            ஆய்வி = எடைஆய்வி()
        @அட்டவணை(தொகுதி_எடைகள்)
        சோதனை_தொகுதி(பெயர், விட்டம், எடை, எதிர்பார்ப்பு):
            சமமா(ஆய்வி.தொகுதி(விட்டம், எடை), எதிர்பார்ப்பு)

சட்டகம் அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் தயாரிப்பை இயக்கி, அவ்வரியின் மதிப்புகளை அளபுருக்களாகத் தந்து சோதனையை அழைக்கிறது. ஒரு வரி தோற்றாலும் மற்றவை இயங்கும். அறிக்கையில் பதினொரு சோதனைகள் தனித்தனியாகத் தெரியும்.

## தோல்வியின் வடிவத்தைப் படித்தல்

நிரலை எழுதியவர் "10 வரை, 10 உட்பட" என்பதை "10க்குக் குறைவு" என்றும், "16 வரை, 16 உட்பட" என்பதை "16க்குக் குறைவு" என்றும் எழுதிவிட்டார் எனக் கொள்வோம். அப்போது 10 மி.மீ. கம்பி 5% நிலைக்கும், 16 மி.மீ. கம்பி 3% நிலைக்கும் போய்விடும்.

மடக்கு முறையில் இரண்டாம் வரியில் சோதனை நின்றுவிடும். எஞ்சிய ஒன்பது வரிகளைப் பற்றி எதுவும் தெரியாது. முதல் ஒப்பீட்டுக்குறியைத் திருத்தி மீண்டும் இயக்கினால் எட்டாம் வரியில் நிற்கும்.

அட்டவணை முறையில் பதினொன்றில் 2, 4, 8 ஆகிய மூன்று வரிகள் ஒரே ஓட்டத்தில் தோற்கும். மூன்றும் 10 மி.மீ., 16 மி.மீ. ஆகிய நிலை மாறும் விட்டங்கள். மூன்றிலும் ஏற்க வேண்டியது மறுக்கப்பட்டுள்ளது. 8, 12, 20 மி.மீ. வரிகள் தேறியுள்ளன. எனவே பெயரளவு எடையிலோ விழுக்காட்டிலோ பிழை இல்லை, "உட்பட" என்ற சொல் இரண்டு இடங்களிலும் விடுபட்டுள்ளது என்பது நிரலைத் திறக்கும் முன்பே புலப்படும். ஒவ்வொரு வரியும் தனியே எண்ணப்படுவதால் கிடைக்கும் உண்மையான பயன் இதுவே. தட்டச்சு குறைவது அதனினும் சிறிய பயன்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். அட்டவணையில் 8, 12, 20 மி.மீ. வரிகள் மட்டும் இருந்திருந்தால் பிழையுள்ள நிரல் முழுமையாகத் தேறியிருக்கும். நூறு வரிகள் இருப்பதைவிட எந்த வரிகள் இருக்கின்றன என்பதே முக்கியம்.

## வரிகளைத் தேர்ந்தெடுத்தல்

### எல்லையிலும் எல்லைக்கு அப்பாலும்
ஒவ்வொரு வரம்புக்கும் குறைந்தது இரண்டு வரிகள் வேண்டும். ஒன்று சரியாக எல்லையில் நிற்க வேண்டும், மற்றொன்று எல்லையை மயிரிழை தாண்டியிருக்க வேண்டும். விட்டத்திலும் இவ்வாறே நிலை மாறும் இடத்தின் இருபுறமும் உள்ள அளவுகளை எடுக்க வேண்டும். மேலுள்ள அட்டவணையில் 10, 12 என்ற இணையும் 16, 20 என்ற இணையும் அதற்காகவே உள்ளன. பிற விட்டங்களின் மேல் எல்லைகளையும் இதே முறையில் சேர்க்கலாம்.

### நிபந்தனைகளைத் தனித்தனியே உடைத்தல்
இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து வரும் இடத்தில், ஒன்று மட்டும் தோற்கும் வரி ஒவ்வொன்றுக்கும் தேவை. எஃப்இ 500டி வகைக் கம்பிக்கு, இழுவிசை வலிமை அக்கம்பியின் அளந்த ஈல்டு வலிமையைவிடக் குறைந்தது 10% கூடுதலாக இருக்க வேண்டும். அதோடு சதுர மி.மீ.க்கு 565 நியூட்டனுக்குக் குறையவும் கூடாது. நீட்சி உள்ளிட்ட மற்றத் தேவைகள் நிறைவேறியதாகக் கொண்டால், நான்கு வரிகள் போதும்.

| ஈல்டு வலிமை | இழுவிசை வலிமை | எதிர்பார்ப்பு | காரணம் |
|---|---|---|---|
| 520 | 572 | ஏற்பு | சரியாக 10% கூடுதல் |
| 520 | 571 | மறுப்பு | 565ஐத் தாண்டினாலும் 10% இல்லை |
| 505 | 565 | ஏற்பு | சரியாக 565 |
| 505 | 564 | மறுப்பு | 10% இருந்தாலும் 565 இல்லை |

நிரலில் 10% நிபந்தனை விடுபட்டால் இரண்டாம் வரி மட்டும் தோற்கும். 565 நிபந்தனை விடுபட்டால் நான்காம் வரி மட்டும் தோற்கும். "இரண்டும்" என்பதற்குப் பதில் "இரண்டில் ஒன்று" என எழுதியிருந்தால் இவ்விரண்டும் தோற்கும்.

### எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது
எதிர்பார்ப்புப் பத்தியை நிரலே கணக்கிடக் கூடாது. கட்டுமானத் தளங்களில் கம்பியின் எடையைக் கணிக்க, விட்டத்தை மி.மீ.யில் வர்க்கமாக்கி 162ஆல் வகுப்பது வழக்கம். நடைமுறைக்கு இது போதுமானது. ஆனால் 25 மி.மீ. கம்பிக்கு இது மீட்டருக்கு ஏறத்தாழ 3858 கிராம் தரும். தரநிலையின் எண் 3850. நிரல் இவ்வாய்பாட்டைப் பயன்படுத்தி, சோதனையும் இதே வாய்பாட்டால் எதிர்பார்ப்பைக் கணக்கிட்டால் எல்லா வரிகளும் தேறும். ஆனால் மீட்டருக்கு 3738 கிராம் உள்ள தொகுதி தரநிலைப்படி 3% விலகலுக்குள் இருந்தும் நிரலால் மறுக்கப்படும். எனவே எதிர்பார்ப்பை மூல ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர் எழுத வேண்டும்.

### பதின்ம எண்கள்
கணினியின் வழக்கமான மிதவைப்புள்ளி எண்கள் இரும முறையில் சேமிக்கப்படுவதால் 0.1, 0.2 ஆகியவற்றின் கூட்டல்கூடச் சரியாக 0.3 ஆவதில்லை. எல்லையில் நிற்கும் எடை இதனால் மறுபக்கம் சாய்ந்துவிடலாம். பைத்தானின் டெசிமல், ஜாவாவின் பிக்டெசிமல் போன்ற பதின்ம வகைகளைப் பயன்படுத்துவது இதைத் தவிர்க்கும். மேலுள்ள வரைவில் எடை மேற்கோள் குறிக்குள் எழுத்துச்சரமாகத் தரப்பட்டதும் அதனாலேயே.

## சட்டகங்களில் உள்ள வசதிகள்

ஜேயூனிட்: 2006இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் அளபுருக்கள் வகுப்பு முழுமைக்கும் பொருந்தின. அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் வகுப்பின் எல்லாச் சோதனைகளும் இயங்கும். ஆகவே வேறு அட்டவணை தேவைப்படும் சோதனைக்கு வேறு வகுப்பு எழுத வேண்டியிருந்தது. 2017இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதைச் செயற்கூறு அளவுக்கு மாற்றியது. ஒரே வகுப்பில் எடைக்கு ஓர் அட்டவணையும் வலிமைக்கு மற்றோர் அட்டவணையும் வைக்கலாம். தரவைச் சோதனையின் மேலேயே எழுதலாம், தனிச் செயற்கூறிலிருந்து பெறலாம், அல்லது காற்புள்ளியால் பிரித்த கோப்பிலிருந்து படிக்கலாம்.

என்யூனிட், எக்ஸ்யூனிட்: டாட்நெட் தளத்துக்கான என்யூனிட்டில், 2009இல் வந்த 2.5 பதிப்பு முதல் சோதனைச் செயற்கூறின் மேலேயே வரிகளை அடுக்கும் டெஸ்ட்கேஸ் குறிப்பு உள்ளது. எக்ஸ்யூனிட்டில் அளபுரு இல்லாத சோதனை ஃபேக்ட் என்றும், அளபுரு ஏற்பது தியரி என்றும் அழைக்கப்படுகிறது.

யூனிட்டெஸ்ட்: பைத்தானின் 3.4 பதிப்பில், 2014இல், சப்டெஸ்ட் வசதி சேர்க்கப்பட்டது. இதை மடக்குக்குள் பயன்படுத்தினால் ஒரு வரி தோற்றாலும் மற்றவை தொடரும். தோற்ற வரிகள் அனைத்தும் அறிக்கையில் வரும். ஆயினும் தயாரிப்பு ஒருமுறை மட்டுமே இயங்கும், எண்ணிக்கையிலும் அது ஒரு சோதனையே. ஒரு வரி பொருளின் நிலையை மாற்றினால் அடுத்த வரியைப் பாதிக்கும். முழுமையான பிரிவு வேண்டுமெனில், ஒவ்வொரு வரிக்கும் தனிச் செயற்கூறை உருவாக்கித் தரும் பாராமீட்டரைஸ்டு என்ற வெளி நிரலகத்தைப் பயன்படுத்தலாம். பைடெஸ்ட் சட்டகத்தின் பாராமெட்ரைஸ் வசதி, யூனிட்டெஸ்டின் டெஸ்ட்கேஸ் வகுப்பிலிருந்து பெற்ற வகுப்புகளுக்குள் வேலை செய்யாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

"அளபுரு ஏற்கும் அலகுச் சோதனை" என்ற தொடருக்கு ஆய்வுலகில் சற்று விரிந்த பொருளும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த நிக்கோலாய் டில்மனும் உல்ஃபிராம் ஷுல்டெயும் 2005இல் இப்பெயரில் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். அதில் சோதனை ஒரு பொதுப் பண்பைக் கூறும். அதற்கான மதிப்புகளை மனிதருக்குப் பதில் ஒரு கருவியே நிரலை ஆராய்ந்து கண்டுபிடிக்கும்.

## பொருந்தாத இடங்கள்

சோதனைச் செயற்கூறுக்குள் "இந்த வரியானால் இதைச் செய், அந்த வரியானால் அதைச் செய்" என்ற கிளை தோன்றினால், அங்கு இரண்டு வேறு சோதனைகள் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன என்று பொருள். அவற்றைப் பிரிப்பதே நல்லது. சுழிய விட்டம், எதிர்ம எடை, தரநிலையில் இல்லாத 9 மி.மீ. விட்டம் போன்றவற்றுக்கு விடை "ஏற்பு", "மறுப்பு" இரண்டும் அல்ல. நிரல் பிழை அறிவிக்க வேண்டும். இவற்றைத் தனி அட்டவணையில், பிழையை எதிர்பார்க்கும் தனிச் சோதனையாக எழுத வேண்டும்.

வரிகளுக்குப் பெயரிடாமல் விடுவதும் குறையே. "7ஆம் வரி தோல்வி" என்ற அறிக்கையைப் படிப்பவர் வரிகளை எண்ணித் தேட வேண்டும். "12 மி.மீ. கீழ் எல்லைக்குக் கீழே" என்று வந்தால் தேட வேண்டியதில்லை. அட்டவணையின் நடுவில் புதிய வரி சேர்ந்து எண்கள் மாறினாலும் பெயர் மாறாது.

## அட்டவணையைப் படிப்பவர்

நிரல்வரிகளை நிரலாளர் மட்டுமே படிக்க முடியும். விட்டம், எடை, ஏற்பு, மறுப்பு என்ற பத்திகளைக் கொண்ட அட்டவணையைத் தர ஆய்வகத்தில் கம்பியை எடை போடுபவரும் படிக்கலாம். 16 மி.மீ. எந்த நிலையில் சேரும் என்பது அவருக்கு நிரலாளரைவிட நன்றாகத் தெரியும். அட்டவணையைத் தனிக் கோப்பாக வைத்து, அத்துறையில் பணிபுரிபவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது அளபுரு முறையால் எளிதாகிறது. தரநிலை திருத்தப்படும்போது முதலில் அட்டவணையை மாற்ற வேண்டும். அப்போது தோற்கும் வரிகளே நிரலில் எவற்றை மாற்ற வேண்டும் என்பதைக் காட்டிவிடும்.